முரளியின் முழங்கையும் கண்டியின் ஆதரவும்

விளையாட்டு வீரர் ஒருவரை மக்கள் ஆதரிப்பதற்கு அவருடைய திறமை மட்டுமே காரணமாவதில்லை. அவர் எந்த ஊரவர், எந்தச் சமயத்தவர், எந்தச் சமூகத்திலிருந்து வந்தவர், யாருடைய ஏளனத்துக்கு ஆளானவர் என்பனவும் அந்த ஆதரவுக்கு வலுவூட்டுகின்றன. இவ்வாறு எழும் ஆதரவு இயல்பானது. பல வேளைகளில் உயர்வானதும் கூட. எனினும் தம்மவர் மீது வைக்கப்படும் ஒவ்வொரு விமர்சனத்தையும் தம் சமயத்தின் மீதோ சமூகத்தின் மீதோ தொடுக்கப்பட்ட தாக்குதலாகக் கொள்ளும் மனநிலைக்கு அது வழிவிட்டால், வீரருக்கும் நன்மை விளைவதில்லை, விளையாட்டுக்கும் நன்மை விளைவதில்லை.

அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டாக விளங்கியவர் டிம் டீபோ. அமெரிக்கக் கால்பந்தில் 'குவாட்டர்பேக்' எனப்படுபவர், ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்தைப் பெற்று, அதைத் தொலைவிலுள்ள சக வீரருக்கு எறிவதா, அருகிலிருப்பவரிடம் கையளிப்பதா, தாமே ஏந்திக்கொண்டு ஓடுவதா என்று கணப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர். அணியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அவருடைய கையிலேயே தங்கியிருக்கும். கிறிஸ்தவ மறைப்பணியாளரின் மகனாகப் பிலிப்பைன்ஸில் பிறந்த டீபோ, ஆடுகளத்தில் ஒரு முழங்காலை ஊன்றி வெளிப்படையாகச் செபித்தவர். 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் டென்வர் புரோங்கோஸ் அணிக்காக அவர் விளையாடியபோது இருவகை விமர்சனங்கள் எழுந்தன. அவருடைய எறிமுறை பிழையானது, எறிந்த பந்துகளில் பாதியளவு கூட இலக்கைச் சேர்வதில்லை என்பது ஒன்று. அவருடைய செபத்தைக் கேலி செய்தது மற்றொன்று. முதலாவது புள்ளிவிவரத்தால் சரிபார்க்கக்கூடிய விளையாட்டுக் கேள்வி. இரண்டாவது ஒரு மனிதரின் நம்பிக்கையை இழிவுபடுத்தும் செயல். ஆதரவாளர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டனர். 2012 சனவரி 8ஆம் திகதி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் அவர் எறிந்த முதற் பந்தே 80 யார் தூரத்தைக் கடந்த வெற்றியாக முடிந்தபோது, விமர்சகர் அனைவருக்கும் விடை கிடைத்துவிட்டதாக அவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் சில மாதங்களுக்குள் டென்வர் அணி அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. அதன் பின்னர் முதன்மைக் குவாட்டர்பேக் என்ற நிலையான இடம் அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை.

ஒரு கையின் அசைவு பற்றிய ஐயமும் அந்தக் கைக்குரியவரின் அடையாளமும் இவ்வாறு பின்னிப்பிணைந்த வரலாறு கண்டிக்கும் உண்டு. அது இதைவிட நீண்டது, ஆழமானது. கண்டியில் 1972 ஏப்ரல் 17ஆம் திகதி பிறந்த முத்தையா முரளிதரனின் வரலாறே அது.

முரளிதரன் மலையகத் தமிழர் வழிவந்தவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து வந்தார். தந்தையார் கண்டிப் பகுதியில் பிஸ்கட் உற்பத்தித் தொழிலை நடத்தினார். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். அந்த அநீதியைச் சீர்செய்ய அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. தம் சிறுபிராயத்தில் இனவன்செயலின்போது தந்தையார் வெட்டுக்காயத்துக்கு உள்ளானதை முரளிதரனே பிற்காலத்தில் வெளியிட்ட அறிக்கையொன்றில் குறிப்பிட்டார்.

இந்துக் குடும்பத்துச் சிறுவனான அவர், ஒன்பதாவது வயதில் கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளால் வளர்க்கப்பட்ட கத்தோலிக்கக் கல்லூரி அது. தலதா மாளிகையும், அதன் சூழலிலேயே விஷ்ணு, நாத, பத்தினி தேவாலயங்களும், புனித பவுல் ஆங்கிலிக்கன் ஆலயமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் நகரில், கத்தோலிக்கத் துறவிகளின் பள்ளியில் இந்துச் சிறுவன் ஒருவன் சிங்கள மாணவரோடு சேர்ந்து கிரிக்கெட் பயின்றது புதுமையன்று. தொடக்கத்தில் மித வேகத்தில் பந்துவீசிய அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பாடசாலைக் கிரிக்கெட்டில் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற முரளிதரன், 1992 ஆகஸ்டில் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை விளங்கிக்கொள்வதற்குக் கிரிக்கெட் விதி ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பந்தை வீசலாம், எறியக்கூடாது என்பது அவ்விதி. கை தோள்மட்டத்தை அடைந்ததிலிருந்து பந்து கையைவிட்டு நீங்கும் வரையில், மடங்கிய முழங்கை நிமிர்ந்தால் அது எறிதல் எனப்படும். முழங்கை மடங்கியிருப்பது குற்றமன்று; மடங்கியிருந்தது அந்த இடைவெளியில் நிமிர்வதே குற்றம். முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிர முடியாத அமைப்புடையது. அதனுடன் வழமைக்கு மாறாக வளைந்து சுழலும் மணிக்கட்டும், மிக வேகமாகச் சுழலும் தோளும் சேர்ந்ததால், சில கோணங்களிலிருந்து பார்க்கும்போது அவர் எறிகிறார் என்ற தோற்றமே கண்ணில் பட்டது.

1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ன் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில், நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை அவருடைய பந்துகளை எறிபந்துகள் எனக் கூறி முறையற்றவையாக அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றியபோது, அங்கிருந்த நடுவர் ஸ்டீவ் டன் அவ்வாறு அறிவிக்கவில்லை. ஒரே கை, ஒரே மைதானம், ஒரே நாள். ஆயினும் இரு நடுவரின் கண்கள் இருவேறு முடிவுகளைத் தந்தன. அடுத்த சில நாள்களுக்குள் பிரிஸ்பேனில் நடந்த ஒருநாள் போட்டியில் நடுவர் ரொஸ் எமர்சன் அதே குற்றச்சாட்டை மீண்டும் எழுப்பினார்.

இந்த இடத்தில் இலங்கை அணி மேற்கொண்ட முடிவே இவ்வரலாற்றின் சிறப்பு. 'எங்கள் வீரரைக் குறைகூறாதீர்கள்' என்று முழங்கிக்கொண்டிருப்பதோடு அது நின்றுவிடவில்லை. அளந்து பாருங்கள் என்று அவரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உடலியக்கவியல் முறையில், அதாவது உடலுறுப்புகளின் அசைவைப் பல கோணங்களில் படம்பிடித்துக் கணக்கிடும் முறையில், அவருடைய பந்துவீச்சு ஆராயப்பட்டது. எறிவது போன்ற தோற்றம் கண்ணுக்கு ஏற்படும் மயக்கமே என்று அந்த ஆய்வுகள் முடிவுகூறின. சர்வதேச கிரிக்கெட் பேரவை அவர் தொடர்ந்து பந்துவீசுவதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார்.

ஆயினும் ஐயம் அடங்கவில்லை. 1999 சனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் அவருடைய பந்தை எறிபந்தென அறிவித்தபோது, ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. இங்கிலாந்து பெற்ற 302 ஓட்டங்களைக் கடந்து இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவுக்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட போட்டித் தடையும் விதிக்கப்பட்டன. நாட்டில் உள்நாட்டுப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், சிங்கள பௌத்தரான அணித்தலைவர் ஒருவர், மலையகத் தமிழ் இந்துவான வீரர் ஒருவருக்காகத் தம் பதவியையும் நற்பெயரையும் பணயம் வைத்தார் என்பது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. கத்தோலிக்கரான சமிந்த வாஸ் ஒரு முனையிலும் இந்துவான முரளிதரன் மறுமுனையிலும் பந்துவீசிய அந்த அணியில், ஒருவருடைய நம்பிக்கை மற்றவருடைய ஆதரவுக்குத் தடையாக இருக்கவில்லை.

இக்கதையின் மிக முக்கியமான கட்டம் 2004ஆம் ஆண்டில் வந்தது. 'தூஸ்ரா' என்பது வழமையான சுழற்சிக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து. அதை முரளிதரன் வீசிய முறை குறித்துப் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறைப்பாடு செய்தார். ஆய்வில் முழங்கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வதாகவும், திருத்தப் பயிற்சியின் பின் அது 10 பாகை அளவுக்குக் குறைந்ததாகவும் தெரியவந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போது அனுமதிக்கப்பட்ட எல்லை 5 பாகையாகும். ஆகவே இம்முறை அளவை அவருக்குச் சாதகமாக அமையவில்லை. தூஸ்ராவை வீசுவதை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் அவர் பந்தை எறிபவர் என்று வெளிப்படையாகக் கூறியதும், அவ்வாண்டு நடந்த அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் முரளிதரன் கலந்துகொள்ளவில்லை. இருப்பினும் அவர் சோதனைகளைத் தவிர்க்கவில்லை. முழங்கை அசைய முடியாதபடி உலோகக் கம்பிகள் பொருத்திய கவசத்தை அணிந்து, தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு முன்னிலையில் தூஸ்ரா உட்படத் தம்முடைய பந்துகளை வீசிக்காட்டினார்.

இதற்கிடையில் கிரிக்கெட் பேரவை பல நாட்டுப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் அதே கருவிகளால் அளந்து பார்த்தது. வெறுங்கண்ணுக்கு முற்றிலும் நேராகத் தோன்றிய கைகள் கூடப் பந்துவீசும்போது சில பாகைகள் நிமிர்கின்றன என்பதும், வேகப் பந்துவீச்சாளர் பலர் தமக்கென வகுக்கப்பட்ட 10 பாகை எல்லையையும் தாண்டியிருந்தனர் என்பதும் அப்போதுதான் புலப்பட்டன. எனவே 2005 மார்ச் முதல் அனைத்துப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வகுக்கப்பட்டது. முரளிதரனுக்காகவே விதி வளைக்கப்பட்டது என்று கூறுவோர் இன்றும் உளர். ஆனால் ஒருவருடைய கையை மட்டும் அளந்து கொண்டிருந்தவர்கள் எல்லோருடைய கையையும் அளந்தபோது, பழைய எல்லையே உண்மைக்குப் பொருந்தாதது என்று தெரியவந்ததே அம்மாற்றத்தின் காரணம்.

இத்தனைக்கும் நடுவில் கண்டி அவருடைய சாதனைகளின் களமாயிற்று. திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான, குன்றுகளுக்கிடையே வெட்டி அமைக்கப்பட்ட அஸ்கிரிய மைதானத்தில் மட்டும் அவர் 117 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2004 மார்ச்சில் அவருடைய 500ஆவது விக்கெட் அங்கேயே கிடைத்தது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகள் என்ற உலக சாதனையை அவர் முறியடித்ததும் அம்மைதானத்திலேயே. 2010 சூலை 22ஆம் திகதி காலியில், தம் இறுதி டெஸ்ட் போட்டியில் தாம் வீசிய இறுதிப் பந்தில் 800ஆவது விக்கெட்டைப் பெற்று அவர் விடைபெற்றார். 133 டெஸ்ட் போட்டிகளில் பெற்ற அந்த 800 விக்கெட்டுகளையும், ஒருநாள் போட்டிகளில் பெற்ற 534 விக்கெட்டுகளையும் இதுவரை எவரும் எட்டவில்லை.

முரளிதரன் மீதான விமர்சனங்களை ஆராயும்போது மூன்று வகைகளை வேறுபடுத்த வேண்டியிருக்கிறது. முதலாவது, முழங்கை விதியை மீறுகிறதா என்ற கேள்வி. அது நேர்மையாகக் கேட்கப்பட்டபோது நியாயமானது. அளவையே அதற்குரிய விடை. இரண்டாவது, பார்வையாளர் கூட்டத்திலிருந்து எழுந்த ஏளனக் கூச்சல். அதற்கு விடையளிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. மூன்றாவது, தமிழரிடமிருந்தே எழுந்த விமர்சனம். 2019ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவை ஆதரித்தும், போர் முடிவுற்றது குறித்தும் அவர் தெரிவித்த கருத்துகள், உறவினரை இழந்த மக்களை ஆழமாகப் புண்படுத்தின. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் '800' என்ற திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எழுந்த எதிர்ப்பின் காரணமாகவும் முரளிதரனே விடுத்த வேண்டுகோளின் பேரிலும் 2020 ஒக்டோபரில் விலகினார். படம் வேறொரு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. அப்பாவி மக்களின் கொலைகளைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று முரளிதரன் விளக்கமளித்தார். அவ்விளக்கத்தை ஏற்பதும் ஏற்காதிருப்பதும் துயருற்றவர்களின் உரிமை. டெரல் ஹெயாரின் குற்றச்சாட்டுக்கு விடைகூறிய விக்கெட்டுகள் இந்தக் கேள்விக்கு விடையாக மாட்டா. மெல்பேர்னில் அவருக்காகக் கொதித்த தமிழர் ஒருவர் இந்தக் கருத்துகளுக்காக அவரிடம் முரண்படுவதில் எந்தத் துரோகமும் இல்லை.

டீபோவின் ஆதரவாளருக்கும் முரளிதரனின் ஆதரவாளருக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. டீபோவின் நம்பிக்கையைக் கேலி செய்தவர்கள் தவறிழைத்தனர். அந்தக் கேலிக்கு எதிராக அவருடன் நின்றவர்கள் சரியாகவே நடந்தனர். ஆனால் அவருடைய எறிமுறை பற்றிய கேள்வியையும் சமயப் பகையென்று ஒதுக்கியவர்கள், அவர் திருத்திக்கொள்ள வேண்டியிருந்த குறையை மூடிமறைக்கவே துணைநின்றனர். இலங்கை அணியோ கேள்வியைக் கேள்வியாகவே ஏற்றது. விடை சாதகமாக வந்தபோது உறுதியாக நின்றது. பாதகமாக வந்தபோது பந்தை நிறுத்திப் பயிற்சிக்குத் திரும்பியது.

கண்டியின் பாடசாலை மைதானங்களில் இன்று விளையாடும் சிறுவர் சிறுமியரிடையே நெற்றியில் திருநீறு அணிந்தவர், கழுத்தில் சிலுவை அணிந்தவர், கையில் பிரித் நூல் கட்டியவர், தொழுகைக்குப் பின் களமிறங்குபவர் என எல்லோரும் இருப்பர். அவர்களுள் யார் பெரிய வீரராக வளர்ந்தாலும், அவருடைய நம்பிக்கைக்காக எவரேனும் அவரை இழிவுபடுத்தினால், அதே நம்பிக்கை இல்லாதவர்களே முதலில் அவருக்காகக் குரல்கொடுக்க வேண்டும். அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால், அதை அளந்து பார்க்குமாறு கோரும் முதற்குரல் அவருடைய சொந்தச் சமூகத்திலிருந்தே வரவேண்டும். முன்னதை ரணதுங்க செய்துகாட்டினார். பின்னதை முரளிதரன் தாமே செய்துகாட்டினார்.