நின்று துடுப்பிடும் பலகையும் நால்வகை நீரும்

நீர்மேல் நடத்தல் சித்தர்க்கே உரிய சித்தி என்பது பழைய நம்பிக்கை. நடத்தல் இயலாவிடினும், நீர்மேல் நின்றவாறே உலாவுதல் இக்காலத்தில் பலர்க்கும் கைகூடியுள்ளது. பத்தடிக்குச் சற்று மிகுந்த நீளமுடைய பலகை ஒன்றின் நடுவே நிமிர்ந்து நின்று, தம் உயரத்திற்கும் மேற்பட்ட துடுப்பொன்றினால் நீரை உந்திச் செல்லும் இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் 'ஸ்ராண்ட் அப் படில்' என்பர். நின்று துடுப்பிடும் பலகை என நாம் அதனை வழங்கலாம். நம் நாட்டிலும் அறுகம்குடா முதலிய கரைகளில் இப்பலகைகளைக் காணலாம்.

இத்தகைய பலகையைப் புதிதாக வாங்கிய ஒருவர் அதன் இயல்பை எவ்வாறு அறிதல் வேண்டும்? கடையிலே கூறப்படும் புகழுரை போதாது. ஒரு நாள் ஓர் இடத்தில் ஏறி இறங்குதலும் போதாது. அமைதியான நீரில் திண்ணைபோல் அசையாது கிடக்கும் அதே பலகை, காற்றெழுந்த நீரில் பழகாத மாடுபோல் துள்ளும். ஓடும் நீரிலோ ஏறியவரை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே நீரின் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சோதித்தலே முறையாகும். இச்சோதனையில் முறை தவறினால் உயிருக்கே கேடு நேர்தலும் உண்டு.

முதற்கண் இதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பலகைமேல் அலையேறும் கலை ஹவாய்த் தீவினரின் தொன்மையான செல்வம். ஹவாயிற் பயின்ற அமெரிக்கரான ரொம் பிளேக் என்பவர் உள்ளீடற்ற இலேசான பலகையை அமைத்து 1932ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 1935இல் பலகையின் அடியிற் செட்டை ஒன்றைப் பொருத்தினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கீக்கிக் கடற்கரையின் அலைச்சறுக்கல் ஆசிரியர்கள் சிலர், வள்ளத்தின் துடுப்பைக் கையிற்கொண்டு பலகைமேல் நின்றபடியே தம் மாணாக்கரைக் கண்காணித்தனர். அவ்வழக்கத்தை லயர்ட் ஹமில்ரன், டேவ் கலாமா முதலிய ஹவாய் வீரர்கள் புதுப்பித்தபின், 2000ஆம் ஆண்டையடுத்து அது உலகெங்கும் பரவிற்று. பேரு நாட்டின் உவான்சாக்கோ மீனவர் நாணற் படகிலும், தமிழ் மீனவர் கட்டுமரத்திலும் அலையைக் கடந்து சென்று திரும்பியதும் இக்கலைக்கு உறவான செய்தியே. கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டதை நேயர்கள் அறிவர்.

பலகை ஏன் மிதக்கின்றது, ஏன் கவிழ்கின்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை வேறுவேறாகும். மிதத்தல் கனவளவைப் பொறுத்தது. 10 அடி 6 அங்குல நீளமும், 32 அங்குல அகலமும், 6 அங்குலத் தடிப்பும் கொண்ட காற்றடைப் பலகையின் கனவளவு ஏறத்தாழ 300 லீற்றர். ஏறுபவரும் பலகையும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொண்டால், ஆற்று நீரில் 80 லீற்றரும், உப்பு மிகுந்த கடல்நீரில் 78 லீற்றரும் அமிழ்ந்தாற் போதும். எஞ்சியது நீருக்கு மேலேயே நிற்கும். ஆகவே அது தாழ்ந்துபோம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

கவிழ்தலோ பெரும்பாலும் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டிற் சாயாது நிற்கும் வலிமை, அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி வளர்கின்றது. 30 அங்குல அகலமுடைய பலகையை 32 அங்குலம் ஆக்கினால், அகலம் பதினைந்தில் ஒரு பங்கே கூடுகின்றது. ஆனால் அவ்வலிமை ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற் கூடுகின்றது. இரண்டு அங்குலத்திற்காகக் கடையில் நின்று வாதிடுபவரை நகைத்தல் ஆகாது. ஆயினும் அகலம் மிகுந்தால் வேகம் குறையும். நீண்டு ஒடுங்கிய பலகை விரைந்து செல்லும்; குறுகி அகன்ற பலகை எளிதில் திரும்பும். எல்லா நற்குணமும் ஒருங்கே அமைந்த பலகை எங்கும் இல்லை.

நீரில் இறங்குமுன் செய்யவேண்டியன சில உள. காற்றடைப் பலகைக்குச் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 15 இறாத்தல் வரை அமுக்கம் வேண்டும் என்பது பொதுவான வழக்கு. எனினும் செய்தவர் பலகையிற் பொறித்த அளவே முடிவானது. இறுதிச் சில இறாத்தலுக்குப் பம்பி கடினமாகும். அங்கே சோம்பலுற்று நிறுத்தியவரின் பலகை நடுவில் தொய்ந்து வளையும். அதன்பின் அவர் பலகையைப் பழிப்பார். நிரப்பிய பலகையை வெயிலிற் கிடத்தினாற் காற்று விரிந்து அமுக்கம் ஏறும். ஆதலின் நிழலில் வைத்தல் நன்று. துடுப்பு, நிற்பவரின் தலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு சாண் நீண்டிருத்தல் வேண்டும். துடுப்பின் இலை முன்னோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடிப்பதே முறை. புதியவர்கள் இதனைப் பின்புறமாகப் பிடித்தலே பெருவழக்கு.

முதற் சோதனைக்குரியது அசையா நீர். காற்றெழாத காலை வேளையிற் கடனீரேரியின் ஒதுக்கமான பகுதி இதற்கு ஏற்றது. ஆனால் நம் கிழக்கிலங்கைக் களப்புகள் சிலவற்றில் முதலைகள் உண்டு. ஆகவே ஊரவரைக் கேளாது எந்நீரிலும் இறங்குதல் ஆகாது. முழந்தாளளவு நீரிற் பலகையை விட்டு, முதலில் மண்டியிட்டு, பின் பலகை நடுவிலுள்ள கைப்பிடியின் இருபுறமும் காலூன்றி எழுதல் வேண்டும். பார்வை பாதத்தில் அன்றித் தொடுவானில் நிலைத்தல் வேண்டும். இரு மரங்களை அடையாளமாகக் கொண்டு, அவற்றிடையே சென்று திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் எத்தனை முறை துடுப்பிட்டால் பலகையின் முகம் விலகுகின்றது என்பதையும் எண்ணலாம். மூன்று முறையிலேயே திரும்பிவிடும் பலகை நெடும்பயணத்திற்கு ஏற்றதன்று. எட்டுப் பத்து முறைக்கு நேரே செல்வது நன்று. இவ்வியல்பிற்குச் செட்டையே பெருங் காரணம். ஆழங்குறைந்த கடனீரேரியில் ஒன்பது அங்குலச் செட்டை நிலத்திற் தட்டும். தாவரமும் அதிற் சிக்கும். அவ்வாறான இடங்களுக்குக் குறுஞ்செட்டை தேவைப்படும்.

இரண்டாவது, காற்றெழுந்த நீர். நின்று செல்பவர் தாமே ஒரு பாயாக அமைந்துவிடுகின்றார். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டியது. மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசிய காற்று 20 மைலாகும்போது, உடலின் மேல் அது தரும் தள்ளல் இருமடங்கன்று, நான்மடங்காகும். காலையிற் சிரித்துக்கொண்டு சென்றவர் நண்பகலில் திரும்பமுடியாது திகைப்பதன் காரணம் இதுவே. முதலிற் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்தபின் காற்றோடு திரும்புதல் என்றும் மாறா விதி. எதிர்க்காற்றில் அரையடி முன்னே நகர்ந்து நின்றாற் பலகையின் முகம் நீரிற் பதிந்து காற்றை நோக்கியே நிற்கும். பின்னே நின்றால் முகம் எழும்பி, காற்று அதனைத் திருப்பிவிடும். நிற்க இயலாதபோது மண்டியிடுக. அதுவும் இயலாதபோது குப்புறப் படுத்துக் கைகளால் துழாவுக. புதிய பலகையிற் படுத்துத் துழாவுதலையும் முதல் நாளிலேயே பயிலல் வேண்டும். அஃது இகழ்ச்சியன்று, உயிர் காக்கும் வித்தை.

மூன்றாவது, ஓடும் நீர். இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் அகன்ற கடனீரேரி ஒடுங்கிய முகத்துவாரம் ஒன்றினாற் கடலோடு கூடுமிடத்தில் நீர் விரைந்தோடும். மாரிகாலத்தில் அவ்வோட்டம் இன்னும் வலுக்கும். இங்குக் கருதவேண்டியது பிணைகயிறு. பலகை விலகிப் போகாதவாறு அதனைக் கணுக்காலோடு பிணைக்கும் இக்கயிறு, கடலில் உயிர்த்துணை. ஓடும் ஆற்றிலோ அதுவே கண்ணியாக மாறலாம். பலகை ஒரு மரத்தின் ஒருபுறமும் மனிதர் மறுபுறமும் அகப்பட்டால், இழுக்கும் நீருக்கெதிராகக் குனிந்து கணுக்காலின் பிணைப்பை அவிழ்க்க எவராலும் இயலாது. ஆதலால் ஆற்றிற் செல்வோர், ஒரே இழுப்பிற் கழன்றுவிடும் இடைப்பட்டியோடு கயிற்றைப் பிணைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பர்.

இதனை வலியுறுத்தும் துயர நிகழ்ச்சி ஒன்று 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் ஹவர்போட்வெஸ்ற் நகரில் நிகழ்ந்தது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஒன்பது பேர் இத்தகைய பலகைகளிற் சென்றனர். நகரிலுள்ள தடுப்பணையை அடைந்தபோது நீர் அவர்களை இழுத்துச் சென்றது, நால்வர் இறந்தனர். தடுப்பணையின் கீழே விழும் நீர் மேலோட்டமாகப் பின்னோக்கிச் சுழன்று, அகப்பட்டவரை மீண்டும் மீண்டும் அணையடிக்கே இழுக்கும். மேலிருந்து நோக்குவோர்க்கு அங்கே சிறு கோடொன்றே தெரியும். ஆகவே ஓடும் நீரில் இறங்குமுன், கீழே என்ன உண்டு என்பதைக் கரைவழியே நடந்து கண்டறிதல் கடமை. வெள்ளம் பெருகிய ஆற்றிற் சோதனையே வேண்டியதில்லை.

நான்காவது, கரையில் உடையும் அலை. அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் அலை உடைகின்றது. மூன்றடி அலை உடையுமிடத்தில் நான்கடி நீரே உண்டு. தலைகீழாய்க் குதிப்பவர் நிலத்தையே முட்டுவர். விழும்போது உடலைப் பரப்பி விழுக. எழும்போது கையால் தலையை மறைத்து எழுக. அலையை நேர்முகமாகவே எதிர்கொள்ளல் வேண்டும். பக்கம் காட்டினால் அது புரட்டிவிடும். ஒரு காலைப் பின்வைத்து நிற்றல் இங்கே உதவும். பலகைக்கும் கரைக்கும் இடையில் ஒருபோதும் நிற்றல் ஆகாது. அலை அப்பலகையைத் தூக்கி அவர்மேல் எறியும். கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் அதனை எதிர்த்துப் போராடாது, கரைக்குச் சமாந்தரமாகச் சென்று அதினின்றும் விலகுதல் வேண்டும். பிறர் நீராடும் இடத்தில் இச்சோதனை செய்தல் அறமன்று.

இனி, நம் நாட்டார் தனியே கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்கு நம்மவர் பெயரிட்டது அழகுக்காக அன்று, தொழிலுக்காக. வைகாசி முதல் ஆவணி வரை கீழைக்கரைக் கடல் அமைதியாயிருக்கும் என்று வெளியூரார் அங்கே செல்வர். அக்காலத்திலேதான் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. கரையோரத்தில் நின்று பார்த்தால் நீர் கண்ணாடிபோற் கிடக்கும். காற்று நீரின்மேல் ஓடுவதற்கு அங்கே தூரமில்லாமையின் அலை எழுவதில்லை. கரை மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைக்கின்றன. முந்நூறு மீற்றர் சென்றதும் மறைப்பு நீங்கி, காற்று முதுகிற் பலமாகத் தாக்கும். செல்லும் வேகத்தைத் தம் திறமையென்று எண்ணி மகிழ்பவர், திரும்பும்போதே உண்மையை உணர்வர். தரைக்காற்று வீசும் நாளில் நீர் எத்துணை அமைதியாகத் தோன்றினும் திறந்த கடலிற் செல்லாதிருத்தலே அறிவுடைமை. தப்பாது சென்று அகப்பட்டவர் பலகையை விட்டு நீந்த முயலல் ஆகாது. பலகை மிதக்கும், தேடுவோர் கண்ணிலும் படும். மனிதத் தலை ஒன்று அலைகளிடையே எளிதிற் புலப்படுவதில்லை.

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தோர் யாவரும் நீந்தவல்லர் அல்லர் என்பது வருந்தத்தக்க உண்மை. நீந்தத் தெரியாதவர் பலகை வாங்குமுன் நீந்தக் கற்றல் வேண்டும். கற்றவரும் உயிர்காப்பு அங்கியை அணிதல் வேண்டும். ஊதுகுழல் ஒன்றும், நீர்புகா உறையிலிட்ட கைத்தொலைபேசியும் உடனிருத்தல் நன்று. எங்கே செல்கின்றார், எப்போது திரும்புவார் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் கூறிச் செல்லல் வேண்டும்.

சோதனை செய்பவர் சிறு குறிப்பேடொன்றும் வைத்திருப்பாராக. நாள், நேரம், காற்றின் திசை, நீரின் நிலை, பலகையின் அமுக்கம், சென்று திரும்பிய நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி வந்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அப்பலகை எந்நீருக்கு உரியது, எந்நீருக்கு ஆகாதது என்பது தெளிவாகும். காற்றின் பெயரும் காலமும் அறியாதவர்க்கு அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தை நிரப்பித் தரவல்லார், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் முதிய மீனவரே. பலகையை நீரில் இடுமுன் அவரிடம் சென்று, இன்று என்ன காற்று என்று கேட்பது நலம்.