பாட்டு வேகமெடுத்தால் பெடலும் ஏன் வேகமெடுக்கிறது?

ஜிம் சைக்கிள் நகராது, காற்றுமில்லை, காட்சியுமில்லை. மூச்சிரைப்பும் தொடைவலியும்தான் துணை. மிதமாக மிதிக்கும்போது பாட்டு நம் கவனத்தில் பங்கு கேட்கிறது. களைப்பு சற்றுக் குறைவாகத் தெரிகிறது. முழுமூச்சாக மிதித்தால் இந்த ஏமாற்று பலிக்காது, உடம்பின் கூச்சலே ஜெயிக்கும்.

2010-இல் வெளியான லிவர்பூல் ஆய்வொன்றில் 12 மாணவர்கள் மிதித்தார்கள். பாட்டின் வேகத்தை 10 சதவீதம் கூட்டியபோது, கடந்த தூரம் 2.1 சதவீதம் கூடியது. வேடிக்கை என்னவென்றால், சிரமமும் கூடுதலாகவே தெரிந்தது; ஆனாலும் பாட்டு இன்னும் பிடித்துப்போனது!

பாட்டை எப்படித் தேர்வது? 15 விநாடி தாளம் தட்டி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 35 தட்டு என்றால் நிமிடத்துக்கு 140. தட்டுக்கு ஒரு கால் இறங்கினால் பெடல் 70 சுற்று சுற்றும். 90 சுற்று வேண்டுமா? 180 தட்டுள்ள பாட்டைத் தேடுங்கள்.