உமிச் சாம்பலும் வெள்ளித் துகளும்

மண்ணச்சநல்லூர் அரிசியின் பெருமையைத் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வூர் ஆலைகளில் அரிசி போனபின் மிஞ்சும் உமியைப் பற்றிப் பேசுவார் யார்? 100 மூட்டை நெல்லில் எடையால் ஏறக்குறைய 20 மூட்டை உமி. அதை எரித்தால் 4 மூட்டைச் சாம்பல். அச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் சாரம்.

இத்தகைய சாம்பலின்மேல் நுண்ணிய வெள்ளித் துகள்களைப் படியவைத்து, டாட்டா கம்பெனியார் 2009 டிசம்பரில் ‘ஸ்வச்’ என்னும் நீர் வடிகட்டியை வெளியிட்டனர். மின்சாரம் வேண்டாம், விலையும் அன்று 1,000 ரூபாய்க்குள். குப்பைக்குப் போகும் பொருள் ஏழையின் குடத்து நீரைக் காக்குமானால், அதனினும் சிறந்த சுதேசிக் கைத்தொழில் யாது?

வெள்ளி கிருமியைக் கொல்லும் வகையை அறிதல் அவசியம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 1,000 நானோமீட்டர். இத்துகளோ 100க்கும் குறைவு. ஒரே எடை வெள்ளியை இவ்வாறு சிதைக்கச் சிதைக்க அதன் மேற்பரப்பு பன்மடங்காகப் பெருகும். அங்கிருந்து கசியும் வெள்ளி அயனிகள் கிருமியின் உறையைக் குலைத்து, உள்ளிருக்கும் நொதிகளின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதன் சுவாசத்தை முடக்குகின்றன. பூஞ்சணங்களும் இதற்குத் தப்புவதில்லை. ஆயினும் இனத்துக்கு இனம் வேண்டிய அளவு மாறும். நீரில் கரைந்த உப்பை மட்டும் வெள்ளி தொடாது. உப்புக் கிணற்றுக்காரர் ஏமாற வேண்டாம்.

எவ்வளவு வெள்ளி கசிகிறது என்பதே இங்கு உயிர்நாடியான கேள்வி. குறைந்தால் கிருமி பிழைக்கும்; மிகுந்தால் குடிப்பவர்க்குக் கேடு. குடிநீர் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வரம்பில் பாதியளவு வெள்ளியே சீராகக் கசியுமாறு மணிகளைச் சமைத்துக் காட்டினர். இதுவன்றோ விஞ்ஞானம்!

சட்டையிலும் காலுறையிலும் வெள்ளியைப் பூசி விற்கும் வியாபாரிகளின் போக்கு வேறு. சலவையில் கழன்றது சாக்கடை வழி ஆற்றை அடையும். பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றின் தீப்புண் பிரிவில் வெள்ளி மருந்துக்கு மசியாத சால்மொனெல்லா கிருமி தலைகாட்டியது 1975-லேயே. கண்டபடி இறைத்தால் இந்த ஆயுதமும் மழுங்கும்.

ஆதலின் இரண்டு கேட்கிறோம். வெள்ளி சேர்ந்த ஒவ்வொரு வடிகட்டியின்மீதும் லிட்டருக்கு எவ்வளவு கசியும் என்பதைத் தமிழில் அச்சிடச் சர்க்கார் கட்டளையிடுக. மண்ணச்சநல்லூர் ஆலை முதலாளிகள் தங்கள் சாம்பலில் ஒரு மூட்டையைப் பரீட்சைக்குக் கொடுக்க முன்வருக. பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்க, அதற்காக அவர்கள் திருச்சி ஜில்லாவைத் தாண்ட வேண்டியதில்லை.