வில்ஃப்ரிட்: இரண்டு பிரதிகளும் ஒரு மௌனமும்

புனிதர் வரலாறு என்றாலே நம்மில் பலருக்கு அலுப்பு. அற்புதம், விரதம், மரணம், மறுபடி அற்புதம், இவ்வளவுதானே என்று ஒதுக்கிவிடுகிறோம். பக்தர் அதை அப்படியே நம்பி வாசிக்கிறார். வரலாற்று ஆய்வாளர் அற்புதங்களைக் கழித்துவிட்டுத் தகவலை மட்டும் பொறுக்கிக்கொள்கிறார். இரண்டு வாசிப்பிலும் தப்பிப்போவது ஒன்று உண்டு. அந்தப் பிரதி யாருக்கு எதிராக எழுதப்பட்டது, எதைச் சொல்லாமலிருக்க எழுதப்பட்டது என்கிற கேள்விதான் அது. ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆயர் வில்ஃப்ரிட்டை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன். அவரைப் பற்றி இரண்டு முக்கியப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் ரிப்பன் மடாலயத்துப் பாதிரியார் ஸ்டீபன் எழுதிய வாழ்க்கை வரலாறு. மற்றது, ஜாரோ மடாலயத்துத் துறவி பீட் 731இல் எழுதி முடித்த திருச்சபை வரலாறு. ஸ்டீபனின் நூலைப் படித்துவிட்டுத்தான் பீட் எழுதுகிறார். இது முக்கியம்.

வில்ஃப்ரிட் 634 வாக்கில் வடக்கே நார்த்தம்பிரியாவில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். மாற்றாந்தாயின் கொடுமை தாங்காமல் 14 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார் என்கிறார் ஸ்டீபன். லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் கொஞ்ச காலம், பிறகு ரோம். திரும்பி வந்ததும் ரிப்பன் மடாலயம் அவர் கைக்கு வந்தது. ஏற்கனவே அங்கிருந்த, அயர்லாந்து மரபைப் பின்பற்றிய துறவிகள் வெளியேற வேண்டியதாயிற்று. 664இல் விட்பியில் கூடிய சங்கத்தில் ரோமின் கட்சியைப் பேசி வென்றவர் இவர்தான். சண்டை எதைப் பற்றின்னு கேட்டால், ஈஸ்டர் தேதியை எப்படிக் கணக்கிடுவது என்பது பற்றி. சும்மா பஞ்சாங்கத் தகராறு மாதிரித் தெரியும். ஆனால் மன்னர் ஆஸ்வியூ ஈஸ்டர் விருந்து உண்ணும்போது, கென்ட்டிலிருந்து வந்த ராணி இன்னும் தவக்கால நோன்பில் இருப்பாள். ஒரே அரண்மனையில் இரண்டு காலம். காலத்தை எண்ணும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அங்கே நடந்த விவாதம். சொர்க்கத்தின் சாவி பேதுருவிடம் இருப்பதால் அவர் பக்கமே நிற்பேன் என்று மன்னர் முடிவு சொல்ல, அயர்லாந்து மரபின் ஆயர் கோல்மன் தன் ஆட்களோடு ஊரைவிட்டுப் போனார்.

வென்றவரின் கதை அத்தோடு முடிந்திருந்தால் பிரச்சினை இல்லை. 678இல் ஆஸ்வியூவின் மகன் எக்ஃப்ரித் வில்ஃப்ரிட்டைத் துரத்தினான். பேராயர் தியடோர் அவருடைய பெரிய மறைமாவட்டத்தைத் துண்டு போட்டார். ராணியின் பொறாமைதான் காரணம் என்கிறார் ஸ்டீபன். ஆயரின் செல்வத்தையும், மடங்களின் எண்ணிக்கையையும், அரச உடையில் ஆயுதம் தரித்து வரும் அவருடைய பரிவாரத்தையும் அவள் மன்னனுக்கு எடுத்துச் சொன்னாளாம். கவனியுங்கள். இந்தப் பட்டியலை எதிரியின் வாயில் வைத்துச் சொல்கிற ஸ்டீபன், அதில் ஒன்றைக்கூடப் பொய் என்று மறுக்கவில்லை. பொறாமை என்ற சொல்லே பதிலாகிவிடுகிறது. வில்ஃப்ரிட் ரோமுக்குப் போய் 679இல் போப் அகத்தோவிடம் தனக்குச் சாதகமான தீர்ப்பு வாங்கிவந்தார். காசு கொடுத்து வாங்கிய ஓலை என்று அதை இகழ்ந்தார்கள். ஒன்பது மாதம் சிறை.

இப்போது பீட்டிடம் வருவோம். 678ஆம் ஆண்டைச் சொல்லும்போது அவர் ஒரு வால்நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்கிறார். ஆகஸ்ட்டில் தோன்றியது, மூன்று மாதம் விடியற்காலைகளில் தெரிந்தது. அதே ஆண்டில் மன்னனுக்கும் ஆயருக்கும் பிணக்கு ஏற்பட்டு ஆயர் வெளியேற்றப்பட்டார். அவ்வளவுதான். என்ன பிணக்கு, ஏன், ஒரு சொல் இல்லை. சிறைவாசமும் இல்லை. ஸ்டீபனைப் படித்தவருக்கு இது தெரியாததல்ல.

ஏன் இந்த மௌனம்? பீட் வளர்ந்த மடாலயம் நின்ற நிலம் எக்ஃப்ரித் கொடுத்த கொடை. தியடோர் அவருக்கு ஆதர்சம். இன்னொன்றும் இருக்கிறது. உலகம் தோன்றியதிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரையான காலத்தை 3952 ஆண்டுகள் என்று பீட் கணக்கிட்டிருந்தார். அதற்காக வில்ஃப்ரிட்டின் முன்னிலையில் சிலர் அவர்மேல் மதத்துரோகப் பழி சுமத்தினார்கள். 708இல் பீட் கோபமாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதி, அதை வில்ஃப்ரிட்டின் முன்னால் வாசிக்கச் சொன்னார். விட்பியில் காலக் கணக்கால் வென்றவரின் சபையில் இன்னொரு காலக் கணக்கு துரோகமாகிறது. ஆனால் பீட்டின் மௌனத்தை வெறும் வன்மம் என்று சுருக்க நான் தயாரில்லை. ஒரே மக்கள், ஒரே சபை என்கிற கதையைக் கட்டமைக்க நினைப்பவருக்கு ஆயர்களின் சொத்துத் தகராறு இடைஞ்சல். எனவே அமைதியாகக் கடந்துபோகிறார்.

இனிதான் விஷயமே. சண்டையை விட்டுவிட்டதால் பீட்டின் பிரதியில் ஓர் இடம் காலியாகிறது. அங்கே வேறு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். துரத்தப்பட்ட வில்ஃப்ரிட் தெற்கே சசெக்ஸுக்குப் போனார். மூன்று வருடமாக மழையில்லை. பசி தாங்காமல் நாற்பது ஐம்பது பேராகக் கைகோத்து மலைமுகட்டிலிருந்து குதித்துச் செத்தார்கள் என்று எழுதுகிறார் பீட். கடலில் மீன் இருந்தது. ஆனால் அவர்களுக்கு விலாங்கு பிடிக்க மட்டும்தான் தெரியும். ஆயரின் ஆட்கள் ஊரிலிருந்த விலாங்கு வலைகளைத் திரட்டிக் கடலில் வீசினார்கள். 300 மீன் கிடைத்தது. நூறு ஏழைகளுக்கு, நூறு வலைக்காரர்களுக்கு, நூறு தங்களுக்கு. செல்சியில் மன்னர் 87 குடும்பங்களின் நிலத்தைக் கொடையாகத் தந்தார். நிலத்தோடு அதிலிருந்த ஆட்களும் கைமாறினார்கள். அவர்களில் 250 அடிமைகளுக்கு, ஆண்களும் பெண்களுமாக, ஞானஸ்நானத்தோடு விடுதலையும் கொடுத்தார் வில்ஃப்ரிட். ஸ்டீபனும் சசெக்ஸைச் சொல்கிறார். அங்கே மன்னரும் போதனையும் கொடையும் உண்டு. வலையும் மீனும் கிடையாது. தன் தலைவரின் வழக்கை வாதாட உட்கார்ந்தவருக்கு அடிமைகள் சாட்சிகளாகத் தேவைப்படவில்லை.

ஆக, அதிகாரத்தின் உள்விவகாரம் வேண்டுமென்றால் ஸ்டீபனிடம் போக வேண்டும். 709 அல்லது 710இல் இறப்பதற்கு முன் வில்ஃப்ரிட் தன் பொன்னையும் வெள்ளியையும் நான்காகப் பங்கிட்டார் என்பதை அவர்தான் சொல்கிறார். ரோமின் ஆலயங்களுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று, தன்னோடு நாடுகடந்து அலைந்தவர்களுக்கு ஒன்று. இன்னொரு பங்கு ரிப்பன், ஹெக்சம் மடத் தலைவர்களுக்கு, மன்னர்களின், ஆயர்களின் நட்பை விலைக்கு வாங்க. கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார். இதைப் பீட் எழுதவில்லை. பசியில் குதித்தவர்களை ஸ்டீபன் எழுதவில்லை.

ஒரு பிரதி நியாயமானது, மற்றது பக்கச்சார்பானது என்கிற தீர்ப்பு நமக்கு உதவாது. பக்கச்சார்பு உண்மையைக் கக்கிவிடுகிறது; நிதானம் மறைக்கிறது. மறைத்த இடத்தில் வேறொன்றைக் காட்டியும் விடுகிறது. அந்த 250 பேரில் ஒருவருடைய பெயர்கூட இரண்டு பிரதியிலும் இல்லை. வில்ஃப்ரிட் கட்டிய நிலவறைகள் ரிப்பனிலும் ஹெக்சமிலும் இன்றும் இருக்கின்றன. பெயரில்லாதவர்களுக்கு இருப்பதெல்லாம், வேறெதையோ மறைக்கப் போய் பீட் எழுதிய சில வரிகள் மட்டுமே.