அகத்திக் கரியும் ஊசிக்கட்டும்

தேனி அல்லிநகரத்தில் வயதான பாட்டிகளின் முன்கையைக் கவனித்தால் தெரியும்: தேள், புள்ளிக்கோலம், கூடப்பிறந்தவன் பேர். தோல் சுருங்கினாலும் படம் அழிந்திருக்காது. இந்தப் பச்சையைக் குத்தியவர்கள் கூடையோடு ஊர் ஊராக வந்த குறவர் சமூகப் பெண்கள்.

மை செய்யும் விதத்தை ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அகத்தி இலையையும் மஞ்சள்தூளையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கில் எரியவிட்டுப் புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உள்ளே கரி படியும். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. குச்சிமுனையால் படம் வரைந்து, அதன்மேல் சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்திக்கொண்டே போவார்கள். வலி மறக்கப் பாட்டு, முடிந்ததும் மஞ்சள் பூச்சு.

மேல்தோல் சில வாரத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். அதனால் கரி அடித்தோலுக்குப் போயாக வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். அங்கே விழுங்கணுக்கள் என்ற காவல் உயிரணுக்கள் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. ஓர் உயிரணு செத்துக் கரியைக் கக்கினால் பக்கத்து உயிரணு விழுங்கிக்கொள்ளும். 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டார்கள். கறுப்புக் கரி பச்சையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு: சிவப்பொளி ஆழமாக இறங்கிக் கரியில் மாட்டிக்கொள்கிறது, நீலமும் பச்சையும் வழியிலேயே சிதறித் திரும்பிவிடுகின்றன.

கறுத்த தோலில் மெலனின் அதிகம். அது மைக்கு மேலே இருப்பதால் வெளிர் நிறங்கள் மங்கிப்போகும். கரியும் தடித்த கோடும்தான் எடுபடும். நம்மூர்ப் பச்சையில் இருப்பதும் அவை இரண்டுதான். அமெரிக்காவிலோ கறுப்பின மக்களின் தோலுக்குப் பச்சை சரிவராது என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. தோலின் குறையா, குத்தத் தெரியாதவரின் குறையா? 1976இல் ஜாக்கி கிரஷாம் என்ற கறுப்பினப் பெண் நியூ ஆர்லியன்ஸில் கடை திறந்து, அந்தத் தோலிலேயே வேலை செய்து காட்டினார்.

இங்கே தொல்லை வேறு மாதிரி, அது குத்துபவர்களுக்கு வந்தது. குறவர்களைக் குற்றப் பழங்குடிச் சட்டத்துக்குள் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. கைரேகைப் பதிவு, போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு என்று வந்தால், ஊர் சுற்றிப் பிழைக்கும் தொழில் என்னாகும்? சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

இப்போது திருவிழாக் கடைகளில் மெஷின் வந்துவிட்டது. பக்கத்து வீரபாண்டித் திருவிழாவில் ஆசைப்பட்டுக் கையை நீட்டுவதென்றால், புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மையையும் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியால் ஹெபடைட்டிஸ் பி அடுத்தவருக்கு எளிதில் தொற்றும்.