ஒட்டுப்போட்டு வளர்ந்த சர்வர்

இணையதளம் ஒன்றின் முகவரியைத் தட்டியதும், மறுமுனையில் உள்ள வெப் சர்வருக்கு அடுக்கடுக்காக வேலை வருகிறது. கேட்ட கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கேட்பவருக்கு அதைப் பார்க்க அனுமதி உண்டா என்று சரிபார்க்க வேண்டும். அது எழுத்தா படமா என்று பிரவுசருக்குச் சொல்ல வேண்டும். அனுப்பி முடித்ததும், யார் எப்போது எதைக் கேட்டார் என்று பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உலகெங்கும் புழங்கும் அப்பாச்சி சர்வரில் இந்த வேலைகளைத் தனித்தனி மாட்யூல்கள் பார்க்கின்றன. நடுவில் இருக்கும் மூல நிரல், அவற்றை முறைவைத்து அழைக்கிறது.

இந்த ஏற்பாடு ஒரு நெருக்கடியில் பிறந்தது. அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வரைத்தான் தொடக்க கால இணையதளங்கள் பெரிதும் நம்பியிருந்தன. 1994-ல் அவர் அங்கிருந்து விலகினார். நிரலைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. தளம் நடத்தியவர்கள் ஆளாளுக்குப் பிழை திருத்தி, திருத்தங்களை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் கூடி அவற்றைத் தொகுக்கத் தொடங்கினார்கள். அதுதான் அப்பாச்சி குழு.

பழைய நிரலின் மேல் ஒட்டுப்போட்டுக்கொண்டே போக முடியாது என்பது விரைவில் தெரிந்துவிட்டது. குழுவில் ஒருவரான ராபர்ட் தாவ் சர்வரின் கட்டமைப்பையே மாற்றி எழுதினார். மாட்யூல்கள் வந்து இணைவதற்கான பொது விதிகள் அப்போது உருவாயின. முழு நிரலையும் கரைத்துக் குடிக்காத ஒருவர்கூடத் தனக்கு வேண்டிய வசதியைத் தனியாக எழுதிச் சேர்க்க முடிந்தது. 1995 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. அடுத்த ஏப்ரலிலேயே, எந்தத் தளம் எந்த சர்வரில் ஓடுகிறது என்று பார்க்கும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் அப்பாச்சி முதலிடம் பிடித்தது.

அந்தப் பொது விதிகளின் அருமையைப் பூட்டுக் குறியின் கதை நன்றாகக் காட்டும். வங்கித் தளங்களுக்குப் போகும்போது முகவரிக்கு அருகே தெரிந்த அந்தப் பூட்டுக்கு வலுவான மறையாக்கம் தேவை. 1990-களில் அமெரிக்கச் சட்டம் அதை எளிதில் ஏற்றுமதி செய்ய விடவில்லை. மறையாக்க நிரலை ஒரு காலத்தில் போர்த் தளவாடங்களோடு சேர்த்தே பட்டியலிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறைக்கு அங்கே காப்புரிமையும் இருந்தது. அதனால் அப்பாச்சி குழு மறையாக்கத்தைத் தன் தொகுப்புக்கு வெளியே வைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பென் லாரி ‘அப்பாச்சி எஸ்.எஸ்.எல்.’ என்ற ஒட்டை எழுதினார். அதை அடித்தளமாகக் கொண்டு ஜெர்மானியரான ரால்ஃப் எங்கல்ஷால் 1998-ல் ‘மாட் எஸ்.எஸ்.எல்.’ மாட்யூலை வெளியிட்டார். மூல நிரலிலும் சிறிது ஒட்டுப்போட வேண்டியிருந்தது என்றாலும், வேலையின் பெரும்பகுதி மாட்யூலுக்குள்ளேயே முடிந்தது. 2000-ல் ஏற்றுமதி விதிகள் தளர்ந்தன, காப்புரிமையும் காலாவதியானது. 2002-ல் வந்த 2.0 பதிப்பில் அந்த மாட்யூல் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. ஒரு நாட்டின் சட்டம் கதவை அடைத்தபோதும், உலகெங்கும் தளம் நடத்தியவர்களால் வெளியிலிருந்து பூட்டை வாங்கிப் பொருத்திக்கொள்ள முடிந்ததே, அது பெரிய விஷயம்.

அதே எங்கல்ஷால் 1996-ல் எழுதியது ‘மாட் ரீரைட்’. கேள்விக்குறியும் எண்களுமாக நீளும் முகவரிக்குப் பதிலாகப் படிக்கத் தக்க முகவரியைப் பயன்படுத்த உதவுவது இதுதான். வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில் கட்டுரைத் தலைப்பே முகவரியில் வருவது இதன் உபயம். ‘மாட் ஸ்பெலிங்’ என்று இன்னொன்று: முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டாலோ இடம் மாறினாலோ, சரியான பக்கத்தை ஊகித்து அங்கே அனுப்பி வைக்கும்.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் ‘மாட் டிஃப்ளேட்’டை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அனுப்பும் பக்கத்தைச் சுருக்கித் தருவது இதன் பணி. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’வுக்கு மூன்று பைட், ‘கி’க்கு ஆறு. ஆனால் அந்த மும்மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில்தான் இந்த மாட்யூல் கெட்டிக்காரன். ஆகவே தமிழ்ப் பக்கத்துக்கு இதனால் நல்ல லாபம். கைபேசியில் டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வாசகரை நினைத்தாவது இதை இயக்கி வைக்க வேண்டும்.

மாட்யூல்களைத் தவிர, சர்வரோடு சில துணைக் கருவிகளும் வருகின்றன. ‘ரொட்டேட் லாக்ஸ்’ பதிவேட்டை நாள்வாரியாகவோ அளவுவாரியாகவோ பிரித்து வைக்கும். பழையவற்றையும் அவ்வப்போது அகற்றி வந்தால் பதிவேடு பெருத்து டிஸ்க்கை நிரப்பாது. ‘எச்.டி. பாஸ்வேர்ட்’ கடவுச்சொற்களை மறையாக்கிச் சேமிக்கும். ‘அப்பாச்சி பெஞ்ச்’, ஒரே நேரத்தில் ஐம்பது பேரோ ஐந்நூறு பேரோ வந்தால் சர்வர் தாங்குமா என்று சோதிக்கும். அதைத் தன் சொந்தத் தளத்தின் மீது மட்டுமே ஏவ வேண்டும்.

இத்தனை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இயக்கி வைப்பது ஆபத்து. ‘மாட் ஸ்டேட்டஸ்’ சர்வரின் அப்போதைய நிலையைக் காட்டும் பயனுள்ள மாட்யூல். அந்தப் பக்கத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துவிட்டால், யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்பதையும் ஊரே பார்க்கலாம். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை இன்னும் கசப்பான பாடம். பிழை அப்பாச்சியில் இல்லை, மாட் எஸ்.எஸ்.எல். நம்பியிருந்த ஓப்பன்எஸ்.எஸ்.எல். நூலகத்தில் இருந்தது. அதிலும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ‘ஹார்ட்பீட்’ என்ற உபரி வசதியில். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியே ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. அந்த வசதியை நீக்கிவிட்டு நூலகத்தைக் கட்டியிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது பூட்டுக்கு வருவோம். 2015 இறுதியில் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாகப் பொதுமக்களுக்குத் தரத் தொடங்கியது. குறுகிய காலத்தில் காலாவதியாகும் அவற்றை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். ஸ்டெஃபான் ஐசிங் உருவாக்கிய ‘மாட் எம்.டி.’ 2018 முதல் அப்பாச்சித் தொகுப்பில் இருக்கிறது. சான்றிதழைக் கேட்டு வாங்குவது, காலம் நெருங்கும்போது புதுப்பிப்பது இரண்டையும் அதுவே செய்துவிடுகிறது. புதிய சான்றிதழ் நடைமுறைக்கு வர, சர்வரை ஒரு முறை மறுதொடக்கம் செய்யும் வேலை மட்டும் நிர்வாகிக்கு மிச்சம்.