ஆணுறையும் எச்.ஐ.வி.யும்: 80 விழுக்காடு என்பதன் பொருள்

வளரிளம் பருவக் கல்வி வகுப்பில், பெயர் எழுதாமல் வினாக்களைப் போட ஒரு பெட்டி வைத்தால் இரண்டு வினாக்களை எதிர்பார்க்கலாம். "ஆணுறை அணிந்தால் எச்.ஐ.வி. வரவே வராதா?" என்பது ஒன்று. "கிருமி மிகச் சிறியதாயிற்றே, ரப்பரில் உள்ள துளை வழியாகப் போய்விடாதா?" என்பது மற்றொன்று.

"வரவே வராது" என்று சொன்னால் அது மிகை. "அதையெல்லாம் நம்ப முடியாது" என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய தீங்கு. ஏனெனில், நம்பாதவர் பயன்படுத்த மாட்டார். இன்று நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவர் சில ஆண்டுகளில் வேலைக்காக வெளியூர் செல்வார், திருமணம் செய்துகொள்வார். அப்போது அவருக்குத் துணையாக இருப்பது நாம் சொன்ன ஒன்றிரண்டு வரிகளாகக்கூட இருக்கலாம். அவ்வரிகள் சரியாக இருக்க வேண்டும்.

ரப்பரைக் கிருமி கடக்குமா?

எச்.ஐ.வி. கிருமியின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. விந்தணுவைவிட இது மிகவும் சிறியது என்பதால்தான் மாணவர்களுக்கு இந்த ஐயம் எழுகிறது. 1980களிலேயே ஆய்வகங்களில் கிருமி கலந்த திரவத்தை ஆணுறைக்குள் இட்டுச் சோதித்தார்கள். கிழியாத லேடெக்ஸ் ரப்பர் உறையை அது கடக்கவில்லை. தொழிற்சாலைகளிலும் நீர் நிரப்பிப் பார்க்கும் சோதனையும், துளை இருந்தால் மின்சாரம் பாய்ந்து காட்டிக்கொடுக்கும் சோதனையும் செய்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில நாடுகளில் விலங்குக் குடல் சவ்வால் செய்த உறைகள் விற்கப்படுகின்றன. அவற்றில் இயற்கையாகவே நுண்துளைகள் இருப்பதால் எச்.ஐ.வி.க்கு எதிராக அவற்றை நம்பக் கூடாது. "ஆணுறையில் துளை இருக்கிறது" என்ற பேச்சு ரப்பர் உறைக்குப் பொருந்தாது.

80 விழுக்காடு எப்படி வந்தது?

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள இணையர்களைத் தொடர்ந்து கவனித்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. எப்போதும் ஆணுறை பயன்படுத்தியவர்களில், 100 பேரை ஓராண்டு கவனித்தால் 1.14 பேர் என்ற வீதத்தில் தொற்று ஏற்பட்டிருந்தது. ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் அது 5.75. வேறுபாட்டை 5.75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 80 விழுக்காடு கிடைக்கும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். "80 விழுக்காடு பாதுகாப்பு என்றால் 100 பேரில் 20 பேருக்குத் தொற்று வந்துவிடும்" என்பது தவறான கணக்கு. ஆணுறை இல்லாத நிலையில் ஏறத்தாழ 6 பேருக்கு வந்திருக்கக்கூடிய தொற்று, ஆணுறையால் ஏறத்தாழ ஒருவராகக் குறைந்தது என்பதே சரியான பொருள். எந்த எண்ணுக்கு விழுக்காடு காண்கிறோம் என்று கேட்கும் பழக்கத்தைக் கணித ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டின் வழியாகவே கற்பிக்கலாம்.

மீதி எங்கே கசிகிறது?

ரப்பர் கிருமியைத் தடுக்கிறது என்றால் 100 விழுக்காடு ஏன் கிடைக்கவில்லை? விடை பயன்பாட்டில் இருக்கிறது. 1994இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் 124 இணையர்கள் ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ 15,000 முறை உறவு கொண்டும் அவர்களில் தொற்றில்லாத துணைவர் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. சில முறை பயன்படுத்தி, சில முறை விட்டுவிட்ட 121 இணையர்களில் 12 பேருக்குத் தொற்று ஏற்பட்டது.

"எப்போதும் பயன்படுத்துகிறோம்" என்று சொல்பவர்களிலும் இடையிடையே தவறவிடுபவர்கள் இருப்பார்கள். வேறு காரணங்களும் உண்டு. உறவு தொடங்கிய பிறகு அணிவது, காலாவதியானதைப் பயன்படுத்துவது, பர்சில் வைத்து வெப்பத்தில் கெடவிடுவது, பல்லால் உறையைக் கிழிப்பது, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அணிவது ஆகியவை அவை. தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை பட்டால் லேடெக்ஸ் விரைவில் வலுவிழந்து கிழியும். நீர் சார்ந்த வழுவழுப்புப் பொருளே ஏற்றது.

தாய்லாந்து இதை நாடளவில் செய்து காட்டியது. பாலியல் தொழில் நடைபெறும் இடங்கள் அனைத்திலும் ஆணுறையைக் கட்டாயமாக்கும் திட்டம் 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி, 1991இல் நாடு முழுவதும் விரிந்தது. அங்கு 14 விழுக்காடாக இருந்த பயன்பாடு சில ஆண்டுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டியது. அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆண்களின் பால்வினை நோய்களும் பெருமளவு குறைந்தன.

ஆணுறை தடுக்காதவை

தூய்மையற்ற ஊசி, பரிசோதிக்கப்படாத இரத்தம், தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் வரும் தொற்றுக்கு ஆணுறை தீர்வாகாது. அவற்றுக்குத் தனித்தனித் தடுப்பு முறைகள் உள்ளன. தொற்றுள்ள ஒருவர் கூட்டு மருந்து சிகிச்சையைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால் அவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. இதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

வகுப்பறையில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். நம் மாநிலத்துக்கு இது நாற்பது ஆண்டுகளாக அறிமுகமான பொருள். ஆகவே தயக்கமின்றி, அதே வேளையில் வயதறிந்து பேசலாம்.

தொடக்க வகுப்புகளில் ஆணுறை பற்றிப் பேச வேண்டியதில்லை. சேர்ந்து உண்பது, கைகுலுக்குவது, கொசுக்கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவாது என்பதும், யாருடைய இரத்தத்தையும் வெறுங்கையால் தொடக் கூடாது என்பதும் போதும். மேல்நிலை வகுப்புகளில் இனப்பெருக்க நலன் பாடத்தை ஒட்டி, மேலே கண்ட இரண்டு ஆய்வுகளின் எண்களைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். மாணவர்கள் சிரித்தால் சிரித்து முடிக்கட்டும், பிறகு தொடரலாம். உறவைத் தள்ளிப்போடுவதே இவ்வயதில் உறுதியான பாதுகாப்பு என்பதையும் அதே தெளிவோடு சொல்லலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

தொற்றுள்ள குழந்தை ஒன்று நம் முன் அமர்ந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துச் சொற்களைத் தேர்ந்தெடுப்போம். கல்வியில் அக்குழந்தையிடம் பாகுபாடு காட்டுவதையும், ஒப்புதலின்றி அதன் நிலையை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. ஐயமுள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களையும் 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் கூறலாம்.

வினாப்பெட்டியின் முதல் வினாவுக்கு விடையை ஒரே வரியில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: "ஒவ்வொரு முறையும், சரியான முறையில் பயன்படுத்தினால் ஆணுறை மிக வலுவான தடுப்பு; சில முறை விட்டுவிட்டால் அந்த வலு குறைந்துவிடும்."